குரோதன வருஷத்தில் மறைந்தவர்கள்

தமிழ் வருஷங்கள் அறுபதுக்கும் பெயர் வைத்தவர்கள் கொஞ்சம் வேடிக்கையான மனம் படைத்தவர்களாக இருந்திருக்க வேண்டும். பிரபவ, விபவ என்று மங்களமாகத் தொடங்கிக் கொண்டுபோய், கடைசியில் துந்துபி, ருத்ரோத்காரி, ரக்தாட்சி, குரோதன என்று வரிசையாகப் பயமுறுத்திவிட்டு, போனால் போகிறதென்று அட்சய என்று முடித்திருக்கிறார்கள். ரக்தாட்சி என்றால் சிவந்த கண். குரோதன என்றால் கோபம் நிறைந்தது. 1925-ஆம் வருஷம் ஏப்ரல் மாத நடுவில் சிவந்த கண் போய்க் கோபம் பிறந்தது.

எனக்குப் பஞ்சாங்கத்தில் அப்படியொன்றும் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அந்த வருஷம் நம் நாட்டில் கண்ணை மூடிய பெரியவர்களின் பெயர்களை வரிசையாக எழுதிப் பார்த்தால், பெயர் வைத்தவர்கள் ஏதோ தெரிந்துதான் வைத்தார்களோ என்று தோன்றுகிறது. ஏப்ரல் 28-ஆம் தேதி சென்னையில் ஸர் பிட்டி தியாகராய செட்டியார். ஜூன் 3-ஆம் தேதி பாபநாசத்தில் வ. வே. சு. ஐயர். ஜூன் 16-ஆம் தேதி டார்ஜிலிங்கில் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ். ஜூலை 23-ஆம் தேதி பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவம். ஆகஸ்டு 6-ஆம் தேதி பாரக்பூரில் ஸர் சுரேந்திரநாத் பானர்ஜி. அதே மாதம் 24-ஆம் தேதி புனாவில், எண்பத்தெட்டு வயது நிறைந்த சமஸ்கிருதப் பேரறிஞர் ராமகிருஷ்ண கோபால பண்டார்கர். நான்கு மாதத்துக்குள் இத்தனை பேர்!

பண்டார்கர் ஏடுகளோடும் கல்வெட்டுகளோடும் வாழ்ந்து நிறைந்தவர். அவரை வணங்கி விட்டுவிடலாம். மற்ற ஐவரும் அப்படியல்ல. அவர்கள் ஒருவரோடு ஒருவர் வாதாடியவர்கள். ஒருவரை ஒருவர் தோற்கடித்தவர்கள். ஒருவர் கட்டிய வீட்டில் இன்னொருவர் குடியேறியவர்கள். எல்லாரும் தேசத்தை நேசித்தார்கள். ஆனால் ஒருவர் நேசித்த விதம் மற்றவருக்குப் பிடிக்கவில்லை. அந்தக் கோபமெல்லாம் ஒரே வருஷத்தில் போய் அடங்கியது. அடங்கியது என்று நாம் சொல்கிறோம். உண்மையிலேயே அடங்கியதா என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

*

கதையை முறையாகச் சொல்வதானால் ஓர் இங்கிலீஷ்காரரிடமிருந்து தொடங்க வேண்டும். குரோதன பிறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு, மார்ச் 20-ஆம் தேதி, லண்டனில் கர்ஸன் பிரபு காலமானார். வயது 66. 1899 முதல் 1905 வரை இந்தியாவின் வைசிராயாக இருந்தவர். நம் பழைய கோயில்களும் கோட்டைகளும் இடிந்து போகாமல் காப்பதற்கு 1904-இல் ஒரு சட்டம் செய்தவர், தாஜ்மஹாலைச் சீர்படுத்தியவர். கல்லின் மேல் அவருக்கு இருந்த கருணை மனிதர்கள் மேல் இல்லை. 1905-ஆம் வருஷம் அக்டோபர் 16-ஆம் தேதி வங்காளத்தை இரண்டாகப் பிளந்தார். நிர்வாக வசதிக்காக என்றார். வங்காளம் அதை நம்பவில்லை. அன்று ஊரெங்கும் அடுப்பு எரியவில்லை. பிரிக்கப்பட்ட இரு பகுதி மக்களும் ஒருவர் கையில் ஒருவர் ராக்கி கட்டிக்கொண்டார்கள்.

அந்தப் பிரிவினையை எதிர்த்து வங்காளத்தை எழுப்பிய குரல் சுரேந்திரநாத் பானர்ஜியினுடையது. பிரிவினை முடிந்துபோன விஷயம் என்று லண்டனில் மந்திரி மார்லி சொன்னார். சுரேந்திரநாதர் ஒப்புக்கொள்ளவில்லை. ஆறு வருஷம் போராடினார்கள். 1911 டிசம்பரில் டில்லி தர்பாரில், சக்கரவர்த்தியின் வாயாலேயே, முடிந்துபோன விஷயம் முடியாத விஷயமாயிற்று; பிரிவினை ரத்தாயிற்று. கூடவே கல்கத்தாவிலிருந்து தலைநகரையும் டில்லிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள் என்பது வேறு கதை.

பிரித்தவரும் சேர்த்தவரும் ஒரே வருஷத்தில், நாலரை மாத இடைவெளியில் போய்ச் சேர்ந்தார்கள். இதை நான் ஒரு நாவலில் எழுதியிருந்தால், "கதாசிரியர் சௌகரியத்துக்காகக் கொன்றிருக்கிறார்" என்று வாசகர்கள் கடிதம் எழுதியிருப்பார்கள். இன்னொன்றும் பாருங்கள். கர்ஸன் தம் வாழ்நாள் முழுவதும் இங்கிலாந்தின் பிரதம மந்திரியாவதற்கே தயார் செய்துகொண்டவர். 1923-இல் அந்தப் பதவி காலியாயிற்று. அழைப்பு வந்துவிட்டது என்ற நினைப்பில் கிராமத்திலிருந்து ரயிலேறி லண்டன் வந்தார். வந்த பிறகு, பதவி பால்ட்வினுக்கு என்று சொன்னார்கள். அதே 1923-ஆம் வருஷத்தில்தான் கல்கத்தாவில் சுரேந்திரநாதருக்கும் ஓர் அடி விழுந்தது. அதைச் சொல்வதற்கு முன், அவர் யார் என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் பாடப் புத்தகத்தில் ஒரு வரி, அவ்வளவுதான்.

*

சுரேந்திரநாதர் 1848-இல் பிறந்தவர். ஐ.ஸி.எஸ். பரீட்சையில் தேறிய முதல் சில இந்தியர்களில் ஒருவர். வயதில் ஏதோ கணக்கு இடிக்கிறதென்று முதலில் தகராறு செய்தார்கள். போராடி உள்ளே போனார். 1874-இல் ஒரு சிறிய நிர்வாகத் தவற்றைப் பெரிதாக்கி வேலையிலிருந்தே விலக்கினார்கள். வேறொருவராக இருந்தால் அதோடு ஒடிந்திருப்பார். அவர் வாத்தியாராகப் போனார். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார், பத்திரிகை நடத்தினார், வடநாடு முழுவதும் சுற்றிப் பேசினார். 1883-இல் ஒரு நீதிபதியைக் கண்டித்து எழுதியதற்காக இரண்டு மாதம் சிறையில் இருந்தார். இரண்டு தடவை காங்கிரஸுக்குத் தலைமை வகித்தார். 1876-இல் இந்தியச் சங்கத்தைத் தொடங்குவதற்காகக் கூட்டம் கூட்டிய அன்று காலையில் அவருடைய மகன் இறந்துபோனான். மாலையில் கூட்டத்துக்குப் போய்ப் பேசினார். அந்தப் பேச்சை யார் எப்படிக் கேட்டிருப்பார்கள், அவர் எப்படி வீடு திரும்பியிருப்பார் என்று நான் பல தடவை யோசித்ததுண்டு. எழுதத்தான் துணிவு வந்ததில்லை.

அப்பேர்ப்பட்ட மனிதர் மீது 1907-இல் சூரத் காங்கிரஸில் ஒரு செருப்பு வந்து விழுந்தது. மிதவாதிகளுக்கும் தீவிரவாதிகளுக்கும் நடந்த கலவரம் அது. தீவிரவாதிகளோடு நம் வ. உ. சிதம்பரம் பிள்ளையும் பாரதியாரும் அந்த ஊருக்குப் போயிருந்தார்கள். நேற்று வரை தேசத்தைத் தட்டி எழுப்பிய குரல், இன்று போதாத குரலாகிவிட்டது. பொதுவாழ்வில் இது ஒரு சாபம். முன்னால் நடந்தவன் ஒரே வேகத்தில்தான் நடந்துகொண்டிருப்பான். பின்னால் வந்தவர்கள் ஓடத் தொடங்கியதும் அவன் நின்றுகொண்டிருப்பதாகத் தோன்றும்.

1921-இல் சுரேந்திரநாதர் வங்காளத்தில் மந்திரி பதவியை ஏற்றுக்கொண்டார். 'ஸர்' பட்டமும் வந்தது. நாடு ஒத்துழையாமையில் கொதித்துக்கொண்டிருந்த சமயம். விலைபோய்விட்டார் என்று ஏசினார்கள். அவரோ தம் இலாகாவில் உட்கார்ந்துகொண்டு ஒரு காரியம் செய்தார். கல்கத்தா நகராட்சியை ஜனங்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் கையில் ஒப்படைக்கும் சட்டத்தை 1923-இல் நிறைவேற்றினார். அந்த வருஷம் தேர்தல் வந்தது. சுயராஜ்யக் கட்சியின் ஆதரவோடு ஓர் இளம் டாக்டர் அவரை எதிர்த்து நின்றார். டாக்டர் பிதான் சந்திர ராய். பிற்காலத்தில் மேற்கு வங்காளத்தின் முதல் மந்திரியாக இருந்தாரே, அவரேதான். எழுபத்தைந்து வயதுக் கிழவர் தோற்றுப்போனார். சுயராஜ்யக் கட்சியின் தலைவர் சித்தரஞ்சன் தாஸ். மறு வருஷம் புதுச் சட்டப்படி கல்கத்தாவின் முதல் மேயராக வந்து உட்கார்ந்தவரும் அதே தாஸ்தான். கிழவர் செய்து வைத்த நாற்காலி. அதில் அமர்ந்தவர் கிழவரைத் தோற்கடித்தவர்.

சுரேந்திரநாதர் பாரக்பூர் வீட்டுக்குத் திரும்பிப் போய்த் தம் சுயசரிதையை எழுதினார். 1925-இல் அது வெளிவந்தது. அந்த வருஷமே அவரும் போனார். அவரைத் தோற்கடித்த தாஸ் அவருக்கு ஐம்பத்தோரு நாள் முன்னதாகவே போய்விட்டிருந்தார்.

*

சித்தரஞ்சன் தாஸ் சாகும்போது வயது 54. ஒரு மனிதன் எவ்வளவு சம்பாதிக்கலாம் என்பதையும், எவ்வளவு வேகமாக அதை விட்டுவிடலாம் என்பதையும் ஒருங்கே காட்டியவர் அவர். தகப்பனார் கடன்பட்டு நொடித்தவர். 1906-இல் தகப்பனும் மகனும் இன்ஸால்வென்டு ஆனார்கள். சட்டப்படி அதோடு கடன்காரர்களுக்கு நாமம்தான். ஆனால் தாஸ் வக்கீல் தொழிலில் முன்னுக்கு வந்ததும், 1913-இல், கடன் முழுவதையும் தேடிப்போய்த் தீர்த்தார். நடுவில் 1908-09-இல் அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் அரவிந்தருக்காக வாதாடி விடுதலை வாங்கித் தந்தார். அதன் பிறகு பணம் மழையாகப் பெய்தது. ஒத்துழையாமை வந்ததும் ஒரே நாளில் குடையை மடக்குவது போலத் தொழிலை மடக்கினார். கடைசியில் குடியிருந்த மாளிகையையும் தேசத்துக்கு எழுதிவைத்தார். அது பிற்பாடு பெண்களுக்கான ஆஸ்பத்திரியாயிற்று.

காந்தியோடும் அவர் சண்டையிட்டவர்தான். சட்டசபைக்குள் போக வேண்டுமா, கூடாதா என்பதில் 1922 கயா காங்கிரஸில் பிளவு வந்தது. அந்த மகாநாட்டுக்குத் தலைவரே தாஸ். தோற்றார், மோதிலால் நேருவோடு சேர்ந்து சுயராஜ்யக் கட்சியைத் தொடங்கினார். ஆனால் 1925 ஜூன் மாதம் அவர் டார்ஜிலிங்கில் நோயாளியாக இருந்தபோது, காந்தி மலையேறிப் போய் ஐந்து நாள் அவரோடு தங்கினார். பழைய சண்டைகளெல்லாம் அந்த ஐந்து நாளில் பனியோடு பனியாகக் கரைந்திருக்க வேண்டும். காந்தி கீழே இறங்கி வந்த சில நாட்களிலேயே செய்தி வந்துவிட்டது. கல்கத்தாவில் அந்தச் சவ ஊர்வலத்துக்கு முன்னால் காந்தி நடந்தார். தாஸின் வலக்கரமாக இருந்த சுபாஷ் சந்திர போஸ் அப்போது மாந்தலே சிறையில் இருந்தார். குருவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அந்த ஊர்வலத்தைப் பற்றிப் பத்திரிகைகள் பத்திபத்தியாக எழுதின. முப்பத்தேழு நாள் கழித்துச் சேலம் ஜில்லாவின் ஒரு மூலையில், பாப்பாரப்பட்டியில், இன்னொரு சாவு நடந்தது. கல்கத்தா ஊர்வலத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது.

*

சுப்பிரமணிய சிவம் வத்தலக்குண்டில் 1884-இல் பிறந்தவர். 1908-இல் தூத்துக்குடியில் சிதம்பரம் பிள்ளையோடு மேடையேறிப் பேசிய குற்றத்துக்காக ராஜத்துரோகத் தண்டனை பெற்றவர். பத்து வருஷம் என்றான் வெள்ளைக்கார ஜட்ஜ். ஹைகோர்ட்டில் ஆறு வருஷமாகக் குறைந்தது. 1912 நவம்பரில் வெளியே வந்தபோது அவரோடு இன்னொன்றும் சிறையிலிருந்து வெளியே வந்தது. தொழுநோய்.

அதன் பிறகு பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் உயிரோடு இருந்தார். அந்த மனிதர் அத்தனை வருஷமும் என்ன செய்தார் தெரியுமா? மூலையில் படுத்திருக்கவில்லை. 'ஞானபாநு' என்ற பத்திரிகை நடத்தினார். பாரதியார் அதில் எழுதினார். காவி உடுத்துக்கொண்டு, சுதந்திரானந்தர் என்று பெயர் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பேசினார். தொழுநோய்க்காரர் ரயிலில் ஏறக் கூடாது என்று தடுத்தார்கள். கட்டை வண்டியில் போனார். வண்டி கிடைக்காதபோது நடந்தார். புண்ணுக்குத் துணி சுற்றிய காலோடு, சேலத்திலும் தருமபுரியிலும் அந்தப் புழுதிச் சாலைகளில் அவர் நடந்த மைல்களை யாரும் கணக்கெடுக்கவில்லை.

பாப்பாரப்பட்டியில் பாரத மாதாவுக்கு ஒரு கோயில் கட்ட வேண்டுமென்பது அவருடைய ஆசை. எல்லா ஜாதியாரும் எல்லா மதத்தாரும் வந்து கும்பிடக்கூடிய கோயில். இடம் தேடினார்; ஆசிரமம் அமைத்தார். 1923-இல் அடிக்கல் நாட்டு விழா. வந்து கல் நாட்டியவர் யார்? சித்தரஞ்சன் தாஸ்.

இந்த இடத்தில் என் மனம் எப்போதும் கொஞ்சம் நின்றுவிடுகிறது. தாஸ் அப்போது அகில இந்தியத் தலைவர். கல்கத்தாவில் ராஜாவாக இருந்தவர். தமிழ் தெரியாது. அவரை அழைத்தவர், ரயிலில் ஏற்ற மறுக்கப்பட்ட ஒரு நோயாளி. கையில் காசில்லாத சந்நியாசி. பாப்பாரப்பட்டி எங்கே இருக்கிறது என்று தமிழர்களிலேயே பல பேருக்குத் தெரியாது. ஆனாலும் தாஸ் வந்தார். இரண்டே வருஷத்தில், கல் நாட்டியவரும் போனார். கோயில் கட்ட நினைத்தவரும் போனார். கோயில் எழும்பவில்லை. சிவத்துக்கு அப்போது நாற்பது வயதுதான். நாட்டில் விடுதலை வந்து பல பத்தாண்டுகள் சென்ற பிறகுதான் அங்கே அரசாங்கம் பாரத மாதா நினைவாலயம் ஒன்றை எழுப்பியது. தாமதமாகவாவது நடந்ததே என்று சந்தோஷப்பட வேண்டியதுதான்.

*

இனி நான் சொல்லப்போவது சொல்வதற்குக் கஷ்டமான கதை. ஏனென்றால் அதில் வருகிறவர்கள் இருவரும் நமக்கு வேண்டியவர்கள்; அந்தச் சண்டையும் இன்னும் முடியவில்லை.

வரகனேரி வேங்கடேச சுப்பிரமணிய ஐயரைப் பற்றி வாசகர்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. கதை எழுதுகிற எங்களுக்கெல்லாம் அவர் மூத்தவர். 'குளத்தங்கரை அரசமரம்' தமிழின் முதல் சிறுகதையா, அதற்கு முன்னே வேறு உண்டா, தாகூரின் சாயல் அதில் எவ்வளவு என்றெல்லாம் பண்டிதர்கள் வாதாடுகிறார்கள், வாதாடட்டும். நாங்கள் நடக்கும் பாதையில் முதலில் முள்ளை ஒதுக்கியவர்களில் அவர் ஒருவர். 1907-இல் பாரிஸ்டர் படிப்புக்கு லண்டன் போனவர், அங்கே சாவர்க்கரோடு சேர்ந்து புரட்சிக்காரரானார். பாரிஸ்டர் பட்டத்தை வேண்டாமென்று விட்டார். 1910-இல் போலீஸார் தேடியபோது வேஷம் மாறி, தேசம் தேசமாகச் சுற்றிப் புதுச்சேரி வந்து சேர்ந்தார். அங்கே பாரதியாரும் அரவிந்தரும் இருந்தார்கள். பத்து வருஷம் அந்த ஊரில். இளைஞர்களுக்குக் குறி பார்த்துச் சுடக் கற்றுக்கொடுத்த அதே காலத்தில் திருக்குறளை இங்கிலீஷில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். பிறகு காந்தி வழிக்கு வந்தார். 'தேசபக்தன்' ஆசிரியராக இருந்து சிறைக்குப் போனார். பல்லாரிச் சிறையில் உட்கார்ந்து கம்பனைப் பற்றி இங்கிலீஷில் ஒரு பெரிய நூல் எழுதினார்.

லண்டனில் 1909-இல் இந்தியர்கள் ஒரு விஜயதசமி விருந்து நடத்தினார்கள். காந்தியும் சாவர்க்கரும் அதில் பேசினார்கள். சமையல் பொறுப்பு ஐயர் முதலிய இளைஞர்களுடையது. முன்னதாகவே வந்து, பேசாமல் காய்கறி நறுக்கிப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மெலிந்த மனிதர்தான் அன்றைய பிரதம விருந்தாளியான காந்தி என்பது பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்ததாம். ஜாதி, மதம், மாகாணம் பாராமல் எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட்ட பந்தி அது. அந்தப் பந்தியில் பரிமாறிய ஐயருக்குக் கடைசியில் பந்தியிலேயே சோதனை வந்தது.

1922-இல் அவர் ஒரு குருகுலம் தொடங்கினார். கல்லிடைக்குறிச்சியில் தொடங்கிச் சேரன்மாதேவிக்கு வந்தது. தமிழ், கைத்தொழில், தேகப்பயிற்சி, தேசபக்தி எல்லாம் சேர்ந்த கல்வி. தமிழ்நாட்டுக் காங்கிரஸ் ரூ.10,000 கொடுப்பதாகச் சொல்லி, முதலில் ரூ.5,000 கொடுத்தது. ஜாதி வித்தியாசமில்லாமல் எல்லாரும் பணம் அனுப்பினார்கள். கொஞ்ச காலத்தில், அங்கே பிராமணப் பிள்ளைகள் இருவருக்கு மட்டும் தனியாகச் சாப்பாடு போடுகிறார்கள் என்று தெரியவந்தது. பெற்றோர்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்றார் ஐயர். ஐயரோ எல்லாரோடும் உட்கார்ந்து உண்பவர். ஈ. வெ. ராமசாமி நாயக்கரும் டாக்டர் வரதராஜுலு நாயுடுவும், "பொதுப் பணத்தில் நடக்கும் தேசிய ஸ்தாபனத்தில் இது ஆகுமா?" என்று கேட்டார்கள். 1925 மார்ச்சில் தமிழ்நாட்டுக்கு வந்த காந்தியிடம் வழக்குப் போயிற்று. கொடுத்த வாக்கு இரண்டு பிள்ளைகளோடு போகட்டும், இனிமேல் அப்படி யாரையும் சேர்க்க வேண்டாம் என்ற மாதிரி சமரசம் சொன்னார். நெருப்பு அணையவில்லை. காங்கிரஸ் கமிட்டியில் விவாதமும் ராஜிநாமாவும் நடந்தன. ஐயர் குருகுலப் பொறுப்பிலிருந்து விலகினார்.

ஜூன் மாதம் பிள்ளைகளோடு பாபநாசம் போயிருந்தார். கல்யாண தீர்த்தத்துக்கு மேலே அருவி வேகமாக விழுகிற இடம். நீரோட்டத்தைத் தாண்டப்போன மகள் சுபத்திரை கால் தவறி விழுந்தாள். ஐயர் நன்றாக நீந்தத் தெரிந்தவர். உடனே குதித்தார். இருவரும் திரும்பி வரவில்லை. அவருக்கு வயது 44.

அவர் மனம் ஒடிந்திருந்தார், அதனால்தான் அருவி அவரைக் கொண்டுபோயிற்று என்று கதை கட்டுவது எளிது. என் தொழிலே கதை கட்டுவது. ஆனாலும் அதை நான் செய்ய மாட்டேன். பெண் தண்ணீரில் போகும்போது தகப்பன் குதிக்கிறான். குருகுலமும் காங்கிரஸும் அந்தக் கணத்தில் எங்கே இருக்கின்றன? அந்தச் சாவு தூய்மையானது. அதைச் சண்டையோடு முடிச்சுப்போட வேண்டாம்.

ஆனால் சாவு தூய்மையானது என்பதற்காகச் சண்டையில் கேட்ட கேள்வி தவறாகிவிடாது. தனிப்பந்தியில் உண்ட இரண்டு பிள்ளைகளை ஐயர் எண்ணிப் பார்த்தார், பொதுப்பந்தியில் உட்கார்ந்து, "நம்மோடு சாப்பிட்டால் இவர்களுக்கு என்ன வந்துவிடும்?" என்று தமக்குள் கேட்டுக்கொண்ட மற்றப் பிள்ளைகளை அவர் போதுமான அளவு எண்ணிப் பார்க்கவில்லை. வாக்குத் தவறக் கூடாதென்ற தர்மம் பெரிதுதான். அதைவிடப் பெரிய தர்மம் ஒன்று அந்தப் பிள்ளைகளின் இலையில் பசியோடு காத்திருந்தது. சிங்கத்தையொத்த அந்த மனிதரை எவ்வளவு மதிக்கிறோமோ அவ்வளவு துணிவோடு இதையும் சொல்ல வேண்டும். இன்னும் ஒரு பத்து வருஷம் இருந்திருந்தால் அவரே சொல்லியிருப்பார் என்று நினைக்க எனக்கு ஆசை. துப்பாக்கியிலிருந்து ராட்டைக்கு வரத் துணிந்தவர், தனிப்பந்தியிலிருந்து பொதுப்பந்திக்கு வந்திருக்க மாட்டாரா? ஆனால் ஆசை சரித்திரமாகாது.

*

பந்தி என்றதும் வரிசையில் முதலில் போன தியாகராய செட்டியாரிடம் திரும்பி வரவேண்டியிருக்கிறது. வண்ணாரப்பேட்டைக்காரர். பெரிய தறிச்சாலை வைத்திருந்தவர்; வெள்ளை உடைதான் எப்போதும். பழைய காங்கிரஸ்காரர். பிறகு மனம் வெறுத்து, டாக்டர் டி. எம். நாயரோடு சேர்ந்து 1916-இல் தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தைத் தொடங்கினார். ஜஸ்டிஸ் கட்சி என்று ஊர் அறிந்தது அதைத்தான். 1920 தேர்தலில் கட்சி வென்றபோது முதல் மந்திரியாக வரும்படி கவர்னர் அழைத்தார். செட்டியார் வேண்டாமென்று இன்னொருவரைக் கை காட்டினார். பதவிக்காகக் கட்சி தொடங்கியதாக அவரை ஏசியவர்களுக்கு அதைவிட நல்ல பதில் கிடையாது.

சென்னை நகராட்சியின் தலைவராக அவர் இருந்தபோது, 1920-இல், ஆயிரம் விளக்குப் பகுதியில் ஒரு நகராட்சிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு போட ஏற்பாடாயிற்று. ஒரு பிள்ளைக்கு ஓர் அணாவுக்கு மிகாத செலவு. ஏழைப் பிள்ளைகள் பள்ளிக்கு வரவேண்டுமானால் வயிறு நிறைய வேண்டும் என்ற எளிமையான யோசனை. பிற்பாடு அது எத்தனை பெரிய மரமாயிற்று என்பதைத் தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

ஐயரும் செட்டியாரும் எதிரெதிர்க் கட்சி. ஒருவருக்கு வெள்ளைக்காரன் போவது முதல் காரியம். மற்றவருக்கு உள்ளூர் மேல்-கீழ் போவது முதல் காரியம். ஐந்து வார இடைவெளியில் இருவரும் போனார்கள். செட்டியார் இறந்த நாலாம் நாள், மே 2-ஆம் தேதி, ஈரோட்டில் ராமசாமி நாயக்கர் 'குடி அரசு' பத்திரிகையைத் தொடங்கினார். நவம்பரில் காஞ்சிபுரம் மகாநாட்டிலிருந்து எழுந்து காங்கிரஸை விட்டே வெளியேறினார். சேரன்மாதேவியில் இரண்டு இலையில் தொடங்கிய விஷயம் தமிழ்நாட்டின் அடுத்த ஐம்பது வருஷ அரசியலை மாற்றிவிட்டது. ஆகவே, கோபக்காரர்கள் போனார்களே தவிர, கோபம் போகவில்லை. அது வேறு தோள் மாறிக்கொண்டது.

*

நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது நாம் இவர்களை எப்படி நினைக்கிறோம்?

பங்கு போட்டுக்கொண்டுதான் நினைக்கிறோம். தியாகராயர் பெயரில் ஒரு நகரே இருக்கிறது; தீபாவளிக்கு அங்கே துணி வாங்கப் போகிற லட்சம் பேரில் எத்தனை பேருக்கு அது ஒரு மனிதரின் பெயர் என்று தெரியும்? தி. நகர் என்று சுருக்கி முடித்துவிடுகிறோம். ஐயரை ஒரு சாரார் வீரர், ரிஷி என்று மட்டும் சொல்லிப் பந்தியை மறைக்கிறார்கள். இன்னொரு சாரார் பந்தியை மட்டும் சொல்லிப் பல்லாரியையும் கம்பனையும் மறைக்கிறார்கள். சுரேந்திரநாதரின் கடைசி மூன்று வருஷத்தை வைத்து முதல் ஐம்பது வருஷத்தை அழித்துவிட்டார்கள். சிவத்தை யாரும் ஏசவில்லை, மறந்தே விட்டார்கள். அது ஏச்சைவிடக் கொடியது.

நாவலில் ஒரு பாத்திரத்தை எந்த இடத்தில் சாக விடுவது என்பது ஆசிரியன் கையில் இருக்கிறது. சண்டையை முடித்து, தவற்றை உணரவைத்து, மன்னிப்புக் கேட்கவைத்து, பிறகுதான் அனுப்புவோம். வாழ்க்கை அந்த மரியாதையை யாருக்கும் செய்வதில்லை. பாதிப் பேச்சில் இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. ஐயர் தம் கடைசிப் பதிலைச் சொல்லவில்லை. சிவம் தம் கோயிலைப் பார்க்கவில்லை. தாஸ் தாம் தேடிய சமரசத்தைக் காணவில்லை. அவர்களுடைய கடைசி வருஷத்தை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொண்டு தீர்ப்பு எழுத நமக்கு என்ன உரிமை?

ஒருவரைச் சொல்லும்போது அவர் செய்ததை முழுவதும் சொல்ல வேண்டும். செய்யத் தவறியதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒருவரைப் புகழ்வதற்காக மற்றவரை இறக்க வேண்டியதில்லை. தாஸோடு சட்டசபை விஷயத்தில் மோதியவர்தான் டார்ஜிலிங் மலையேறினார். அதே மனிதர், அந்த வருஷம் வங்காளத்தில் இருந்தபோதே பாரக்பூருக்கும் போய், எல்லாரும் கைவிட்ட சுரேந்திரநாதரைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தார். கருத்து வேற்றுமை ஒரு வாசல்; மரியாதை இன்னொரு வாசல். ஒன்றை மூடினால் மற்றதையும் மூடவேண்டும் என்று யாரும் சட்டம் செய்யவில்லை.

குரோதன வருஷம் முடிந்து அடுத்து வந்த வருஷத்தின் பெயர் அட்சய. குறையாதது என்று அர்த்தம். பெயர் வைத்தவர்கள் உண்மையிலேயே வேடிக்கை மனிதர்கள்தான்.